தேரோடும் வீதியில் லாரி நிற்கட்டும், சந்துக்குள் குட்டியானை வரட்டும்

சென்னையிலிருந்து கும்பகோணத்துக்குக் குடிவரும் ஒரு குடும்பத்தின் கேள்வி இது. வீடு சாரங்கபாணி கோயிலை ஒட்டிய ஒரு சந்தில். சந்தின் அகலம் பத்தடி இருந்தால் அதிகம். பாக்கர்ஸ்காரர்கள் 17 அடி மூடிய ஐஷர் லாரி அனுப்புகிறோம் என்கிறார்கள். அதை எங்கே நிறுத்துவது, போலீஸில் அனுமதி வாங்க வேண்டுமா, தெருக்காரர்கள் சண்டைக்கு வந்தால் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

கும்பகோணத்தில் ஒரு லாரி செட்டில் 20 வருஷத்துக்கு மேல் புக்கிங் பார்த்தவன் நான். தஞ்சாவூர், மயிலாடுதுறை, திருவாரூர் என்று டெல்டா முழுக்க வீட்டுச் சாமான் ஏற்றி இறக்கியிருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எல்லோரும் முதலில் நாள் பார்க்கிறார்கள், அடுத்து வண்டி பேசுகிறார்கள். வண்டி எங்கே நிற்கும் என்பதை, அது தெருமுனையில் வந்து ஹாரன் அடிக்கும்போதுதான் யோசிக்கிறார்கள். இதை அப்படியே திருப்பிப் போடுங்கள். வண்டி நிற்க இடம் எது என்று முதலில் முடிவு செய்யுங்கள். அந்த இடத்துக்கு ஏற்ற வண்டியைப் பேசுங்கள். நாளைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம்.

17 அடி என்பது சாமான் வைக்கும் பாடியின் நீளம் மட்டும்தான். முன்னால் கேபின் இருக்கிறது. மொத்தம் 22, 23 அடி வந்துவிடும். பின்கதவைத் திறந்து பலகை சாய்த்து, இரண்டு பேர் பீரோவைப் பிடித்துக்கொண்டு திரும்புவதற்கு இன்னொரு 8 அடி வேண்டும். ஆக, நீளவாக்கில் 30 அடி காலியாக இருக்க வேண்டும். அகலம் சுமார் 7 அடி. எதிர்ச்சாரியில் சுவரோடு ஒட்டி நிற்கும் பைக்குகளுக்கு 3 அடி. நடுவில் ஒரு 108 ஆம்புலன்ஸ் உரசாமல் போக 8 அடியாவது விட வேண்டும். கூட்டிப் பாருங்கள், 18 அடி ஆகிறது. அதற்குக் குறைந்த தெருவில் இந்த வண்டியை நிறுத்தினால் தெருவை அடைத்துவிட்டோம் என்றுதான் அர்த்தம். உங்கள் சந்தில் அது நுழையவே நுழையாது. நுழைந்தாலும் கதவைத் திறந்து டிரைவர் இறங்க முடியாது.

நம் ஊர்களின் அமைப்பே இதற்கு வழி வைத்திருக்கிறது. கோயிலைச் சுற்றி நான்கு வீதி. தேர் போவதற்காக விட்ட அகலம் அது. அதிலிருந்து பிரியும் சந்துகள் ஆள் நடக்கவும் மிஞ்சிப்போனால் ஒரு மாட்டுவண்டி போகவும் விட்டவை. திருவாரூர் ஆழித்தேரின் உயரம் 96 அடி. அந்தத் தேர் திரும்பும் மூலையில் எந்த லாரியும் திரும்பும். தஞ்சாவூரின் நான்கு ராஜவீதிகளும், உங்கள் சாரங்கபாணி கோயில் வீதிகளும் அப்படித்தான். அதனால் பெரிய வண்டி தேரோடும் வீதி வரைக்கும் வரட்டும், அல்லது ஊருக்கு வெளியிலேயே நிற்கட்டும். அங்கிருந்து வீட்டு வாசலுக்குக் குட்டியானையில், அதாவது டாடா ஏஸில், நடை அடிப்பதுதான் சரியான வழி. 'லோடு மாத்துறது' என்று எங்கள் தொழிலில் சொல்வோம்.

எத்தனை நடை என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். குட்டியானையின் தொட்டி சுமார் 7 அடி நீளம், ஐந்தடிக்குக் கொஞ்சம் குறைந்த அகலம். ஐந்தரை அடி உயரத்துக்கு அடுக்கினால், நிறைந்த 17 அடி பாடியிலுள்ள சாமான் நாலு நடையில் வந்துவிடும். இரண்டு குட்டியானை இருந்தால் ஒன்று இறக்கும்போது மற்றது ஏற்றும். ஆட்கள் சும்மா நிற்க வேண்டியதில்லை. ஒரு விஷயம்: விடியற்காலையில் நம் ஊர்க் குட்டியானைக்காரர்கள் பலர் தாராசுரம் காய்கறி மார்க்கெட் லோடுக்குப் போயிருப்பார்கள். முந்தின நாளே முன்பணம் கொடுத்து நேரம் சொல்லி வைக்காவிட்டால் காலையில் ஸ்டாண்டில் ஒரு வண்டியும் இருக்காது.

லோடு மாற்ற எது நல்ல இடம்? நான் அடிக்கடி பயன்படுத்தியவை இரண்டு. ஒன்று, அன்றைக்குக் கல்யாணம் இல்லாத கல்யாண மண்டபத்தின் வளாகம். மேனேஜரிடம் முன்கூட்டியே பேசி, ஒரு சிறு தொகை கொடுத்தால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். தண்ணீர், கழிப்பறை, மழை வந்தால் ஒதுங்கக் கூரை எல்லாம் இருக்கும். இன்னொன்று அரிசி ஆலைக் களம். நெல் காயப்போடுவதற்காக சிமெண்ட் பூசிய பெரிய தரை. லாரி வந்து போவதற்கென்றே கட்டிய வாசல். இரண்டு வண்டியையும் முதுகோடு முதுகு சேர்த்து நிறுத்தினால் பீரோவைத் தரையில் வைக்காமலே ஒன்றிலிருந்து மற்றதற்குத் தள்ளிவிடலாம். ஐஷரின் தளம் குட்டியானையைவிட உயரம், அதனால் நடுவே கனமான பலகை ஒன்று வேண்டும். ஆலைக்காரர்கள் களத்தில் நெல் பரப்பாத நாளாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பெரிய வண்டியே நேராக வரட்டும் என்று நான் ஒரு முறை அசட்டையாக இருந்துவிட்டேன். மயிலாடுதுறையில் ஒரு வீடு. ஆவணி மாதம், நல்ல முகூர்த்த நாள். தெருவை நேரில் பார்க்காமல் 19 அடி மூடிய வண்டியை அனுப்பினேன். தெருமுனையில் ஒரு மண்டபம் இருந்தது எனக்குத் தெரியாது. காலை ஒன்பதரைக்கு வண்டி நுழைந்தபோது மாப்பிள்ளை வீட்டு வேன்கள் இரண்டு பக்கமும் நின்றன. பின்னாலேயே பள்ளிக்கூட பஸ் ஒன்று வந்து ஒட்டி நின்றுவிட்டது. முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் எடுக்க முடியவில்லை. கடைசியில் 300 மீட்டர் தூரம் எல்லாவற்றையும் தலைச்சுமையாகவே கொண்டு போனார்கள். அந்த வீட்டு ஊஞ்சல் பலகை, ஒரே தேக்கில் இழைத்தது, ஏழடி நீளம். வெயிலில் வியர்த்த கை வழுக்கி அதன் ஒரு மூலை கல்லில் மோதிச் சிதறியது. அந்த வீட்டுப் பாட்டி யாரோ ஒருவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, சிதறிய சிம்பைப் பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டார். சாயங்காலம் நாலு மணி வரைக்கும் அங்கேயேதான் இருந்தார். தப்பு என்னுடையது. அதன் பிறகு தெருவை நேரில் பார்க்காமல் நான் வண்டி அனுப்பியதே இல்லை.

நாள் விஷயத்துக்கு வருவோம். ஆடி, மார்கழியில் யாரும் வீடு மாறுவதில்லை. பலர் புரட்டாசியையும் தவிர்க்கிறார்கள். அதனால் ஆவணியிலும் தையிலும் ஒரே முகூர்த்தத்தில் ஊரே வீடு மாறுகிறது, ஊரே கல்யாணமும் செய்கிறது. வண்டி வாடகை ஏறுகிறது, தெருவில் இடம் இல்லை. நான் எல்லோருக்கும் சொல்லும் யோசனை ஒன்றுதான்: பால் காய்ச்சுவதையும் சாமான் இறக்குவதையும் பிரித்துவிடுங்கள். நல்ல நாள், நல்ல நேரத்தில் சாமி படம், குத்துவிளக்கு, நிறைகுடம், உப்பு, மஞ்சள், அரிசி எடுத்துக்கொண்டு ஒரு காரில் வந்து பால் காய்ச்சி விடுங்கள். அதோடு குடிபுகுந்தாயிற்று. லாரி நாலு நாள் கழித்து ஒரு சாதாரண நாளில் வரட்டும். 'செவ்வாயோ வெறுவாயோ' என்று எல்லோரும் ஒதுக்கும் செவ்வாய்க்கிழமை எங்கள் செட்டில் வண்டிகள் சும்மா நிற்கும். பால் காய்ச்சிவிட்ட வீட்டுக்குச் செவ்வாயில் கட்டில் வந்தால் என்ன குறை? பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள், அனேகமாகச் சரி என்றுதான் சொல்வார்கள்.

கும்பகோணத்தில் சனி, ஞாயிறு வேண்டவே வேண்டாம். நவக்கிரகக் கோயில்களுக்கு வரும் வெளியூர் வேன்கள் சன்னதித் தெருக்களில் நிறைந்துவிடும். பஞ்சாங்கத்தையும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். சித்திரையில் சாரங்கபாணி தேர், அட்சய திருதியையன்று பெரிய தெருவில் 12 கருட சேவை, மாசி மகம். இந்த நாட்களில் அந்தப் பக்கம் லாரியை நினைக்கவே கூடாது. தஞ்சாவூர் என்றால் சித்திரையில் பெரிய கோயில் தேர், வைகாசியில் ராஜவீதிகளில் 24 கருட சேவை. மயிலாடுதுறையில் ஐப்பசி துலா உற்சவம், முக்கியமாக அந்த மாதத்தின் கடைசி நாளான கடைமுகம்.

எந்த நேரம் வருவது என்றால், கோயில் தெருக்களுக்கு நல்லது மத்தியானம்தான். பன்னிரண்டரைக்கு நடை சாத்திவிடுவார்கள், திறக்க நாலு மணி ஆகும். ஒரு மணியிலிருந்து மூன்றரை வரைக்கும் அந்த வீதிகளில் பூக்கடைக்காரர்கள்கூடக் கண்ணயர்வார்கள். வெயில்தான் கஷ்டம், தூக்குகிறவர்களுக்கு மோரும் தண்ணீரும் தாராளமாக வையுங்கள். அது முடியாது என்றால் விடியற்காலை ஐந்திலிருந்து ஏழரைக்குள் முடித்துவிட வேண்டும். எட்டு மணிக்குப் பள்ளிக்கூட ஆட்டோ ஓட ஆரம்பித்துவிடும். கனரக வாகனம் இந்த நேரத்தில் நுழையக் கூடாது என்று ஊர் எல்லையில் பலகை இருந்தால் அந்த நேரத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனி போலீஸ். சாமான் லாரியை நிறுத்துவதற்கென்று தனியாக ஒரு பெர்மிட் எழுதி வாங்கும் வழக்கம் நம் ஊர்களில் இல்லை. ஆனால் சொல்லாமல் செய்வதற்கும் சொல்லிவிட்டுச் செய்வதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு. இரண்டு மூன்று நாள் முன்னால் போக்குவரத்துக் காவல் நிலையத்துக்குப் போய் ஒரு தாள் கொடுங்கள். நீட்டி முழக்க வேண்டாம்: 'இன்ன தேதி, மதியம் 1 மணி முதல் 3.30 வரை, இன்ன வீதியில் இன்ன இடத்தின் முன்பு, இன்ன எண்ணுள்ள வாகனத்திலிருந்து வீட்டுச் சாமான்கள் இறக்க உள்ளோம். ஓட்டுநர் வண்டியிலேயே இருப்பார். தொடர்புக்கு இந்த எண்.' அவ்வளவு போதும். இரண்டு பிரதி எடுத்துப் போய் ஒன்றில் கையெழுத்தோ முத்திரையோ வாங்கி, வண்டி வரும் நாளில் சட்டைப் பையில் வைத்திருங்கள். அங்கே வேண்டாம், இந்த இடத்தில் நிறுத்துங்கள் என்று அவர்களே நல்ல இடம் சொல்லி அனுப்பியதும் உண்டு.

சட்டம் என்ன சொல்கிறது என்பதும் தெரிந்திருக்கட்டும். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 122-ஆம் பிரிவு, பொது இடத்தில் மற்றவர்களுக்கு ஆபத்தோ இடைஞ்சலோ உண்டாக்கும்படி வண்டியை விடக் கூடாது என்கிறது. 127-ஆம் பிரிவின்படி நிறுத்தக் கூடாத இடத்தில் நிற்கும் வண்டியை இழுத்துப் போகலாம், செலவு வண்டிக்காரர் தலையில். பொதுவான விதிமீறலுக்கான 177-ஆம் பிரிவில், 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் தடவை 500 ரூபாய் வரை, மறுபடி செய்தால் 1,500 ரூபாய் வரை அபராதம். சலான் வண்டி எண்ணுக்குப் போய்விடும், டிரைவர் உங்களைப் பார்ப்பார். யார் கட்டுவது என்பதை முன்னாலேயே பேசிவிடுங்கள்.

ஆனால் உண்மையான அனுமதி தெருக்காரர்களிடம்தான் இருக்கிறது. போலீஸ்காரர் ஒரு தடவை வந்து போவார், பக்கத்து வீட்டுக்காரரோடு நீங்கள் வருஷக்கணக்கில் இருக்கப் போகிறீர்கள். முந்தின நாள் சாயங்காலம் வீட்டிலுள்ள ஒருவர் நேரில் போய்ச் சொல்லட்டும். "அண்ணே, நாளைக்கு மத்தியானம் நாங்க சாமான் இறக்குறோம். உங்க வாசல்ல ரெண்டு மணி நேரம் வண்டி நிக்கும். எங்கேயாவது கிளம்புறதா இருந்தா இப்பவே சொல்லுங்க, அந்த நேரத்தை விட்டுடறோம்." இப்படிக் கேட்டு யாரும் முடியாது என்று சொல்லி நான் பார்த்ததில்லை. கடைக்காரர் என்றால் அவர் சரக்கு இறங்கும் நேரத்தைக் கேளுங்கள். டயாலிசிஸுக்கோ ஆஸ்பத்திரிக்கோ போய்வரும் முதியவர் எந்த வீட்டில் இருக்கிறார் என்பதையும் கேட்டு வைப்பது நல்லது. தெருவில் ஒரு சாவு விழுந்துவிட்டால் அன்றைக்கு லாரியைக் கொண்டு வராதீர்கள். வெயிட்டிங் சார்ஜ் போனாலும் பரவாயில்லை.

இடத்தைப் பிடித்து வைக்கக் கல்லையும் டிரம்மையும் ரோட்டில் போடாதீர்கள், இருட்டில் பைக்கில் வருகிறவர்கள் மோதுவார்கள். முந்தின இரவே உங்கள் அல்லது தெரிந்தவர்களின் கார் ஒன்றையும் பைக் நாலையும் முப்பதடிக்கு வரிசையாக நிறுத்துங்கள். லாரி வந்ததும் எடுத்துவிட்டால் இடம் தயார். சாவிகளெல்லாம் ஒரே ஆள் கையில் இருக்க வேண்டும். இது சின்ன விஷயம்தான், ஆனால் சாவிக்காரர் குளிக்கப் போன நேரத்தில் லாரி வந்து நின்ற கதை நிறைய உண்டு.

கம்பிகளை அண்ணாந்து பாருங்கள். தெருவின் குறுக்கே போகும் தாழ்வழுத்த மின்கம்பி தரையிலிருந்து 5.8 மீட்டராவது, அதாவது 19 அடி, இருக்க வேண்டும் என்பது விதி. மூடிய ஐஷர் பத்துப் பதினொரு அடிதான். ஆனால் தொய்ந்த சர்வீஸ் வயரும் கேபிள் டிவி வயரும் விதியைப் பார்த்துத் தொங்குவதில்லை. திறந்த லாரியில் மேலே மெத்தை, கட்டில் சட்டம் கட்டினால் இன்னும் உயரும். கிளீனர் மூங்கில் கழியால் வயரைத் தூக்கிப் பிடிக்க, வண்டி அடியில் நுழைவதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதை அனுமதிக்காதீர்கள். 2022 ஏப்ரலில் தஞ்சாவூர் பக்கத்தில் களிமேட்டில் அப்பர் சதய விழாத் தேர் உயரழுத்த மின்கம்பியில் பட்டு 11 பேர் போனார்கள். கம்பி தாழ்ந்திருந்தால் மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-க்கு முந்தியே சொல்லுங்கள். சரி செய்யவில்லையென்றால் வண்டி அந்தப் பக்கம் போக வேண்டாம்.

அண்ணாந்து பார்த்ததைப் போலத் தரையையும் பாருங்கள். தெருவோரச் சாக்கடை மேல் போட்ட சிலாப் நடக்கிறவர்களுக்குப் போட்டது, லோடு ஏறிய பின்சக்கரத்தைத் தாங்காது. பாதாளச் சாக்கடை மூடி மேலும் சக்கரம் நிற்கக் கூடாது. ஊருக்கு வெளியே ஒதுக்குவதானால் வாய்க்கால் கரையை நம்பாதீர்கள். நம் மண் களிமண். ஐப்பசி கார்த்திகை மழையில் மேலே புல் பச்சையாக இருக்கும், உள்ளே சேறு. இடது பின்சக்கரம் ஒரு சாண் இறங்கினால் பிறகு ஜேசிபிதான் வர வேண்டும். சக்கரத்துக்குக் கட்டை போட்டுத் தார் ரோட்டிலேயே நிறுத்தச் சொல்லுங்கள்.

தை மாசியில் குடிவருவதாக இருந்தால் இன்னொன்றும் உண்டு. அது சம்பா அறுவடைக் காலம். உள்ளூர் லாரிகள் நெல் கொள்முதல் நிலையங்களில் மூட்டைக்காகக் காத்து நிற்கும், வாடகைக்குக் கிடைப்பது கஷ்டம். கிராமத்து ரோட்டில் பாதி அகலத்துக்கு நெல் காயும். அதன் மேல் ஏற்றாமல் மெல்லப் போகச் சொல்லுங்கள், அது ஒருவருடைய ஆறு மாத உழைப்பு.

பாக்கர்ஸ்காரர்களிடம் 'டோர் டெலிவரி' என்ற ஒரு வார்த்தையை மட்டும் நம்பிப் பணம் கட்டாதீர்கள். லாரி போகும் வரைக்கும்தான் டோர் என்று அப்புறம் சொல்வார்கள். சந்தின் வீடியோ ஒன்றை எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பி, குட்டியானை வாடகை யாருடையது, எத்தனை மீட்டருக்கு மேல் தூக்குக் கூலி தனி, மாடிக்கு எவ்வளவு, வெயிட்டிங் எத்தனை மணிக்குப் பிறகு என்று எழுத்தில் வாங்குங்கள். இறக்குவது அவர்கள் ஆட்களா, உள்ளூர் சுமைதூக்கும் தொழிலாளர்களா என்பதையும் முன்பே தீர்த்துவிடுங்கள். கடைவீதிப் பக்கம் சங்கத்து ஆட்கள் வந்து கேட்கக்கூடும். வண்டி வந்த பிறகு நடுத்தெருவில் கூலி பேசினால் இரண்டு பக்கமும் மனஸ்தாபம்தான். என்னைக் கேட்டால் உள்ளூர் ஆட்களே மேல். நிலைப்படி உயரமும் ரேழியின் திருப்பமும் அவர்களுக்குப் பழக்கம்.

உங்கள் வீட்டில் கொல்லைக் கதவு இருக்கிறதா என்றும் பாருங்கள். நம் பக்கத்துப் பழைய வீடுகள் வாசலில் ஒடுக்கமாகவும் உள்ளே நீளமாகவும் இருக்கும். கொல்லை பின்னால் வேறொரு தெருவில் போய் முடியலாம். அந்தத் தெரு வாசல் சந்தைவிட அகலமாக இருந்த வீடுகள் எனக்குத் தெரியும். அப்படி இருந்தால் கிணற்றடியைக் கடந்து பின்வழியாகவே எல்லாவற்றையும் இறக்கிவிடலாம்.

சென்னைப் பக்கம் அடுக்குமாடியாக இருந்தால் சங்கத்திடம் லிஃப்டுக்கும் விசிட்டர் பார்க்கிங்குக்கும் சொல்லி வையுங்கள். அங்கே இரவில் ஏற்றிக் கிளம்பினால் காலையில் இங்கே வந்துவிடும். டிரைவர் இரவெல்லாம் ஓட்டி வந்தவர், மண்டப வளாகத்திலோ களத்திலோ மத்தியானம் வரைக்கும் தூங்கட்டும். வீதிக்கு வந்து நின்ற பிறகு அவர் சாவியோடு வண்டியிலேயே இருக்க வேண்டும், டீ அவருக்குத் தேடி வரட்டும். ஊருக்குள் போன் காட்டும் மேப்பைப் பார்த்து வரச் சொல்லாதீர்கள், அது சந்துக்குள் கொண்டு விட்டுவிடும். நீங்களோ தெரிந்தவரோ ஊர் எல்லையில் பைக்கோடு காத்திருந்து முன்னால் வழிகாட்டிக் கூட்டி வாருங்கள்.

வெளியே போகும் வழியையும் அப்போதே டிரைவருக்குக் காட்டிவிடுங்கள். சாமான் இறங்கியதும் நாம் வீட்டுக்குள் போய்விடுவோம், அவர் தெரியாத ஊரில் காலி வண்டியோடு நிற்பார். மூன்றரைக்கு மேல் கோயில் கூட்டமும் பள்ளிக்கூடம் விட்ட கூட்டமும் சேர்ந்துகொள்ளும். ரிவர்ஸ் எடுக்கப் பின்னால் ஒருவர் நின்று "வரலாம், வரலாம்" என்று குரல் கொடுத்தால் பத்து நிமிஷத்தில் அவர் மெயின் ரோட்டுக்குப் போய்விடுவார்.